தோலுக்கு அடியில் ஒரு கேள்வி

கருத்தடைக்காக உடலுக்குள் வைக்கப்படும் பொருள் பாதுகாப்பானதா என்பதை யார் முடிவு செய்கிறார்கள், எப்படி முடிவு செய்கிறார்கள்? எலிக் கூண்டில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன கதை இது.

நீளம் 4 சென்டிமீட்டர், தடிமன் 2 மில்லிமீட்டர். பார்வைக்குத் தலை இல்லாத தீக்குச்சி போல இருக்கும். மேல் கையின் உட்புறத்தில், தோலுக்குச் சற்றே கீழே, மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு நிமிடத்தில் செருகி விடுகிறார்கள். 3 ஆண்டுகளுக்குக் கவலையில்லை. மாத்திரையை மறந்துவிட்டோமே என்ற பதற்றம் இல்லை, மாமியாருக்குத் தெரியுமோ என்ற பயமும் இல்லை. 2023-ஐ ஒட்டி மத்திய அரசு இந்தக் குச்சியைக் குடும்பநலத் திட்டத்தில் சோதனை முறையில் சேர்த்தபோது, தேர்ந்தெடுத்த மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று.

குச்சிக்குள் இருக்கும் மருந்தைப் பற்றி மருத்துவர்கள் விளக்கமாகச் சொல்வார்கள். 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன். அது சிறுகச் சிறுகக் கசிந்து கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. ஆனால் குச்சி எதனால் ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. அது எத்திலீன் வினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக். எக்ஸ்-ரேயில் தெரிவதற்காகக் கொஞ்சம் பேரியம் சல்பேட்டும் கலந்திருக்கிறார்கள். இதற்கு முந்தைய வடிவத்தில் பேரியம் இல்லை. ஆழமாகப் புதைந்துவிட்ட குச்சியை எக்ஸ்-ரேயில் தேடிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அனுபவம் கற்றுக்கொடுத்த பாடம்தான் பேரியம்.

நோயாளிக்கு வைக்கும் பொருளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இதய வால்வு பழுதானவர் கொஞ்சம் ஆபத்து இருந்தாலும் செயற்கை வால்வை ஏற்பார். இல்லாவிட்டால் உயிர் போய்விடும். கருத்தடைச் சாதனத்தை வைத்துக்கொள்கிற பெண்ணுக்கு நோய் எதுவும் இல்லை. 20 வயது, 25 வயது, நல்ல ஆரோக்கியம். நாளைக்கே அவர் பிள்ளை பெற விரும்பலாம். லட்சத்தில் ஒருவருக்கு வரும் தொல்லைகூட இங்கே பெரிய கணக்கு. அதனால்தான் கருத்தடைப் பொருள்களின் பாதுகாப்புச் சோதனை மற்ற எல்லாவற்றையும்விடக் கறாராக இருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் வாதாடுகிறார்கள். நடைமுறையில் அப்படி இருந்ததா என்பது வேறு விஷயம்.

இந்தக் கதையைப் பெங்களூரிலிருந்து தொடங்குவதில் நியாயம் இருக்கிறது. 1930-ல் மைசூர் சமஸ்தானம் அரசு மருத்துவமனைகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை மையங்களைத் திறந்தது. உலகிலேயே ஓர் அரசாங்கம் தானே முன்வந்து நடத்திய முதல் மையங்கள் இவை. இன்று அதே மண்ணில், பீன்யா தொழிற்பேட்டையிலும் நகரைச் சுற்றியும், மருந்துகளையும் மருத்துவப் பொருள்களையும் விலங்குகளிலும் செல்களிலும் சோதித்துத் தரும் நச்சியல் ஆய்வுக்கூடங்கள் இயங்குகின்றன. 2011-ல் இந்தியா பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் ஏற்பாட்டில் முழுமையாகச் சேர்ந்த பிறகு, இங்கே ஒழுங்காகச் செய்த சோதனை முடிவை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும் மறுபடி செய்யச் சொல்லாமல் ஏற்றுக்கொள்கின்றன.

அங்கே என்னதான் செய்கிறார்கள்?

ஒரு புதிய பிளாஸ்டிக் வந்தால் முதலில் அதை ஊறவைக்கிறார்கள். ஆமாம், ஊறுகாய் போலத்தான். பொருளைச் சிறு துண்டுகளாக்கி உப்பு நீரிலும் எண்ணெயிலும் போட்டு, 37 டிகிரியில் 3 நாள், அல்லது இன்னும் அதிகச் சூட்டில் குறைந்த நேரம் வைத்திருந்து, அதிலிருந்து இறங்கும் சாற்றை எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் என்பது பெரிய மூலக்கூறுகளின் சங்கிலி. அது பெரும்பாலும் சாது. சங்கிலியில் சேராமல் தங்கிப்போன சின்ன மூலக்கூறுகள், தயாரிப்பில் பயன்பட்ட கிரியா ஊக்கியின் மிச்சம், கிருமி நீக்கப் பயன்படுத்திய எத்திலீன் ஆக்சைடு வாயுவின் எச்சம், இவைதான் சண்டிகள். சாற்றில் இறங்குபவை இவையே.

அந்தச் சாற்றை எலியின் திசுவிலிருந்து எடுத்து வளர்த்த எல்-929 என்ற செல் வகையின் மேல் ஊற்றுகிறார்கள். ஒரு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் செழித்திருக்கின்றனவா, சுருண்டு செத்திருக்கின்றனவா என்று தெரியும். 0 முதல் 4 வரை மதிப்பெண். இங்கே குறைவாக வாங்கினால்தான் பாஸ். 2-ஐத் தாண்டினால் பொருள் தோல்வி. அடுத்து அதே சாறு கினிப் பன்றியின் தோலில் ஒவ்வாமை உண்டாக்குகிறதா, முயலின் தோலுக்குள் ஊசியாகப் போட்டால் சிவந்து வீங்குகிறதா என்று பார்க்கிறார்கள். ஹிஸ்டிடின் என்ற சத்து இல்லாமல் வளர முடியாதபடி முடமாக்கப்பட்ட சால்மோனெல்லா பாக்டீரியாவுடன் சாற்றைக் கலக்கிறார்கள். பாக்டீரியா திடீரென்று முடம் நீங்கி வளரத் தொடங்கினால் அது நல்ல செய்தி அல்ல. மரபணுவை மாற்றும் எதோ ஒன்று சாற்றில் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, பொருளையே உயிருள்ள உடலில் புதைக்கிறார்கள். முயலின் முதுகுத் தசையில் ஒரு பக்கம் புதிய பொருள், மறுபக்கம் சாதுவானது என்று ஏற்கனவே நிரூபிக்கப்பட்ட பாலிஎத்திலீன். சில வாரம், சில மாதம், தேவைப்பட்டால் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து திசுவைச் சீவி எடுத்துப் பார்க்கிறார்கள். உடல் எந்த அன்னியப் பொருளையும் வரவேற்பதில்லை. விரட்ட முடியாவிட்டால் சுற்றிலும் நார்ச்சுவர் எழுப்பிச் சிறை வைக்கும். சுவர் மெல்லியதாக, அமைதியாக இருந்தால் சரி. தடித்துப்போய், சுற்றிலும் வெள்ளையணுக்கள் போர்க்களம் போலக் குவிந்திருந்தால் பொருளுக்கு விடைகொடுத்து அனுப்ப வேண்டியதுதான். இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேச விதித் தொகுப்பு உண்டு. அதன் முதல் பகுதி 1992-ல் வெளிவந்தது. இந்தியாவில் இந்தக் கலையை ஊன்றியதில் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. நம் நாட்டின் சொந்த இதய வால்வைச் சோதித்து உருவாக்கியவர்கள் அவர்கள்.

இவ்வளவும் படிக்கும்போது எல்லாம் துல்லியமான விஞ்ஞானம் என்று தோன்றும். அப்படியல்ல. 1948-ல் நியூயார்க்கில் ஓப்பன்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் (அணுகுண்டுக்காரர் அல்ல, இவர்கள் வேறு) ரத்தக் கொதிப்பை ஆராய்வதற்காக எலிகளின் சிறுநீரகத்தில் செல்லோபேன் தாளைச் சுற்றினார்கள். நாளடைவில் அந்த இடத்தில் புற்றுநோய். பிறகு வேறு பிளாஸ்டிக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள், அதே கதை. தாளில் ஓட்டைகள் போட்டால் புற்றுநோய் குறைந்தது! வேதிப்பொருள் காரணமல்ல, வழவழப்பான அகன்ற பரப்பே எலிக்கு ஆகவில்லை என்று புரிந்தது. மனிதர்களிடம் இப்படி நடப்பது மிக மிக அபூர்வம். அப்படியானால் எலியில் கட்டி வந்தால் அந்தப் பொருளை ஒதுக்குவதா, எலியின் குணம் என்று விடுவதா?

இதே சிக்கலில் 20 ஆண்டு மாட்டிக்கொண்டது டெப்போ புரோவேரா கருத்தடை ஊசி. பீகிள் இன நாய்களுக்குப் போட்டபோது மார்பில் கட்டிகள் வந்தன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1978-ல் அனுமதி மறுத்தது. பீகிள் நாய் அந்த வகை ஹார்மோனுக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டும் பிராணி என்ற வாதம் பிறகு எடுபட்டு, 1992-ல் அனுமதி கிடைத்தது. அந்த ஊசிதான் 2017 முதல் 'அந்தரா' என்ற பெயரில் நம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது.

விலங்குச் சோதனை தவறான எச்சரிக்கை தரலாம் என்பதற்கு நாய் ஓர் உதாரணம். சோதனையே செய்யாமல் பெண்களிடம் போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் குவினாக்ரின்.

குவினாக்ரின் பழைய மலேரியா மாத்திரை. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்கள் விழுங்கியது. சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் 1970-களில் இதற்கு வேறு வேலை கண்டுபிடித்தார். காப்பர்-டியில் செம்பைச் சேர்க்கும் யோசனையைத் தந்தவரும் அவரே, சாமானியர் அல்ல. 252 மில்லிகிராம் குவினாக்ரினை 7 சிறு வில்லைகளாக்கி, காப்பர்-டி செருகும் குழலாலேயே கருப்பைக்குள் வைத்துவிட வேண்டும். அது கரைந்து, கருக்குழாய் தொடங்கும் வாயைப் புண்ணாக்கும். புண் ஆறித் தழும்பாகும்போது வழி அடைபடும். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, மருத்துவமனைப் படுக்கை இல்லை. ஆகும் செலவும் மிகக் குறைவு. ஏழை நாடுகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று வேண்டும். கருப்பையில் வைத்த குவினாக்ரின் நாளடைவில் என்ன செய்யும் என்ற சோதனை. "சிப்பாய்கள் விழுங்கினார்களே" என்பது பதிலாகாது. வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் கலக்கும் மருந்து ஒரு விதம். மென்மையான திசுவின் மேல் நேரடியாக உட்கார்ந்து அதைப் பொசுக்கும் மருந்து வேறு விதம். எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியில் சோதிப்பதுதான் இந்தத் துறையின் அரிச்சுவடி. பாக்டீரியாச் சோதனையில் குவினாக்ரின் ஏற்கனவே தேறவில்லை. மரபணுவை மாற்றுகிறது என்று தெரிந்திருந்தது.

ஆனாலும் அமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு ஆர்வலர்கள் வில்லைகளைச் சுவிட்சர்லாந்தில் தயாரித்து 20-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பிவைத்தார்கள். வியட்நாமில் மட்டும் 31,781 பெண்கள். அந்த விவரம் 1993-ல் 'லான்செட்' இதழில் வெளியாகி உலகை உலுக்கியது. 1994-ல் உலக சுகாதார நிறுவனம், நச்சியல் சோதனைகள் முடியாமல் இனி மனிதர்களிடம் பரிசோதிக்காதீர்கள் என்றது. இந்தியாவில் ஐ.சி.எம்.ஆர். தொடங்கிய ஆய்வு, பல பெண்கள் கர்ப்பமானதால் நிறுத்தப்பட்டது. ஆனால் தனியார் மருத்துவர்கள் நிறுத்தவில்லை. டெல்லியில், மேற்கு வங்கத்தில், இங்கே பெங்களூரிலும்கூட வில்லைகள் பெண்களுக்குள் போய்க்கொண்டிருந்தன. மருத்துவமனை அனுமதிக் கமிட்டியோ கண்காணிப்போ முறையாக இல்லாமல், அரசின் ஒப்புதலும் இல்லாமல்.

அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கமும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவத் துறை ஆசிரியர்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1998-ல் அரசு குவினாக்ரினைக் கருத்தடைக்குப் பயன்படுத்தத் தடை போட்டது. உலகில் லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் உடலில் போய்விட்ட பிறகு, 2010-ல்தான் 2 ஆண்டு எலிச் சோதனையின் முடிவு வெளிவந்தது. அதிக அளவு கொடுத்த எலிகளின் இனப்பெருக்க உறுப்புகளில் கட்டிகள். நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சிலியிலும் வியட்நாமிலும் அந்தப் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில் புற்றுநோய் அதிகரித்ததற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. சோதனைக்கூடத்தில் எலிக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வியைப் பெண்களிடம் முதலில் கேட்டுவிட்டு, எலியிடம் பிறகு போயிருக்கிறார்கள்.

எல்லோரும் அப்படியல்ல. தோலுக்கடிக் குச்சியின் பூர்வீகமே ஒரு தற்செயல். 1960-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஜூடா ஃபோக்மன், டேவிட் லாங் என்ற இருவர் சிலிக்கான் ரப்பர் குழாய்க்குள் வைத்த மருந்து சுவரை ஊடுருவி மெதுவாக வெளியே கசிவதைக் கவனித்தார்கள். நியூயார்க்கின் பாப்புலேஷன் கவுன்சில் இதைப் பிடித்துக்கொண்டது. 6 குழல்கள் கொண்ட நார்பிளான்ட் 1983-ல் முதலில் பின்லாந்தில் அனுமதி பெற்றது. 6 வேண்டாம், 2 போதும் என்று நார்பிளான்ட்-2 தயாரித்து உலகெங்கும் பரிசோதித்தார்கள். இந்தியாவிலும் ஐ.சி.எம்.ஆர். 1,400-க்கும் அதிகமான பெண்களிடம் வைத்து 5 ஆண்டு கவனித்தது. அதற்குள் ஒரு தடங்கல். குச்சியின் உட்பகுதிக்குப் பயன்பட்ட சிலிக்கான் ரப்பரை அதன் உற்பத்தியாளர் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார். மருந்து அதே மருந்து, அளவு அதே அளவு. ரப்பர் மட்டும்தான் வேறு. ஆனால் பொருள் மாறினால் எல்லாம் மாறியது போலத்தான். புதிய ரப்பரைத் தேர்ந்து, சோதித்து, மறுபடி பெண்களிடம் ஆய்வு நடத்தி, ஜடேல் என்ற பெயரில் அமெரிக்க அனுமதி பெற 1996 ஆகிவிட்டது.

ரப்பருக்கே இந்தப் பாடு என்றால் நூலுக்கு? 1971-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டால்கன் ஷீல்டு என்ற கருப்பைச் சாதனத்தின் பிளாஸ்டிக்கில் குறையில்லை. வெளியே தொங்கிய நூல்தான் எமன். பல இழைகளை ஓர் உறைக்குள் திணித்த நூல் அது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அதன் வழியாகக் கிருமிகள் கருப்பைக்கு ஏறின. 1974-ல் விற்பனை நின்றது. வழக்குகளின் சுமையில் 1985-ல் அந்த நிறுவனமே திவாலானது. அமெரிக்காவில் மருத்துவச் சாதனங்களுக்கென்று 1976-ல் சட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்களைப் பற்றிப் பேசவே இல்லையே என்று பெண் வாசகர்கள் கேட்கலாம். நியாயம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் என்.ஆர். மவுட்கல் பல ஆண்டுகள் ஆண்களுக்கான கருத்தடைத் தடுப்பூசிக்காக உழைத்தார். ஆட்டின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த ஹார்மோனை நம் ஊர் நாட்டுக் குரங்குகளுக்கு ஊசியாகப் போட, அவற்றின் உடல் அந்த ஹார்மோனுக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி விந்தணுக்களைக் குறைத்தது. குரங்குகளில் ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகே 5 ஆண்களுக்குப் போட்டார்கள். முடிவு 1997-ல் வெளியானது. எதிர்ப்பொருள் வேறு சுரப்பிகளின் மேல் பாய்கிறதா என்பதையும் தேடினார்கள்; தொல்லை தென்படவில்லை. ஆனாலும் ஊசி கடைக்கு வரவில்லை.

பொருள் சம்பந்தப்பட்ட ஆண் கருத்தடையில் பெரிய பெயர் சுஜய் குகா. ஐ.ஐ.டி. பொறியாளர். குடிநீர்க் குழாயின் உட்சுவரில் பூசினால் கிருமிகளைக் கொல்லும் பாலிமர் ஒன்றை ஆராய்ந்தவர், அதையே விந்துக்குழாய்க்குள் பூசினால் என்ன என்று யோசித்தார். ரிசக் என்ற அந்த ஊசி மருந்து பற்றிய முதல் கட்டுரை 1979-ல் வந்தது. ஸ்டைரீன், மாலிக் அன்ஹைட்ரைடு என்ற இரண்டு கடுமையான ரசாயனங்கள் இணைந்தால் உருவாகும் பாலிமர் அது. இணைந்த பிறகு சாது. இணையாமல் கொஞ்சம் மிச்சமிருந்தால்? 2002-ல் மனிதப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. சிலருக்குச் சிறுநீரில் ஆல்புமின், சிலருக்கு விதைப்பை வீக்கம். பழைய நச்சியல் சோதனைகள் இன்றைய தரத்துக்குப் போதாது என்ற விமரிசனம் வேறு. மறுபடி செய்தார்கள். டெல்லி, உதம்பூர், லூதியானா, ஜெய்ப்பூர், கரக்பூரில் 303 ஆண்களை 7 ஆண்டு பின்தொடர்ந்த மூன்றாம் கட்ட முடிவு வெளிவந்து 2023-ல் பரபரப்பானபோது, கர்ப்பம் தடுப்பதில் 99 சதவீத வெற்றி, கடுமையான பக்கவிளைவு இல்லை என்று தெரிந்தது. குகாவுக்கு அதற்குள் 80 வயது கடந்துவிட்டது. 2020-ல் பத்மஸ்ரீ மட்டும் கிடைத்திருந்தது.

தாமதம் கோபமூட்டலாம். ஆனால் இந்தியப் பெண்களுக்கு அவசரத்தின் அனுபவமும் உண்டு. 1985-ல் ஆந்திரத்தின் பட்டன்செருவில் நெட்-என் ஊசிப் பரிசோதனைக்காகக் கூட்டப்பட்ட பெண்களுக்கு, இது பரிசோதனை என்றே யாரும் சொல்லவில்லை. ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனாவும் டெல்லியின் சஹேலியும் 1986-ல் உச்ச நீதிமன்றம் போனதும், அந்த வழக்கு 2000 வரை நீண்டதும் அதனால்தான். முயல் முதுகில் தேறிய பொருள் பெண்ணின் சம்மதத்தில் தேறவில்லை.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை. காப்பர்-டி மருத்துவச் சாதனம். 2018-ல் அமலுக்கு வந்த மருத்துவச் சாதன விதிகள் அதை ஆளுகின்றன. கைக்குள் வைக்கும் குச்சியில் ஹார்மோன் இருப்பதால் அது மருந்து; வேறு மேஜை, வேறு கோப்பு. இரண்டுமே பிளாஸ்டிக், இரண்டுமே ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் இருப்பவை. புதிய பொருள்கள், குறிப்பாகத் தானே கரைந்து மறையும் பாலிமர்கள், வரிசையில் நிற்கின்றன. கரையும் பொருளில் சோதனை இன்னும் கடினம். பொருளை மட்டும் சோதித்தால் போதாது. அது உடைந்து உண்டாகும் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

இப்போதைய குச்சி கரையாது. வைக்கப் பயிற்சி பெற்றவரே எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். நார்பிளான்டில் பல நாடுகளின் பெண்கள் பட்ட அவதி வைத்ததால் அல்ல, எடுக்கச் சொல்லிக் கேட்டபோது எடுப்பார் இல்லாததால். குச்சியைச் சுற்றி உடல் கட்டிய அந்த நார்ச்சுவரைச் சிறு கீறலால் திறந்து, நுனியைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். பிறகு ஓர் அளவுகோலின் பக்கத்தில் வைத்து 4 சென்டிமீட்டர் முழுதும் வந்துவிட்டதா என்று அளந்து பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவருக்கான குறிப்பு. அளக்கும்போது எட்டிப் பார்க்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கும் உண்டு.